தோட்ட வேலையும் சைக்கிள் ஓட்டமும்



சைக்கிள் இல்லாத வீடு எங்கள் பகுதிகளில் அரிது. வடக்கிலோ கிழக்கிலோ எந்தக் கிராமத்துக்குப் போனாலும் வேலியோரம் ஒன்று சாய்ந்து நிற்கும். 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்க்கையை ஓட்டியதே சைக்கிள்தான். பிள்ளையைப் பாடசாலைக்கும், நோயாளியை வைத்தியசாலைக்கும், விறகைச் சந்தைக்கும் கொண்டுபோனது அதுவே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் புறப்பட்டபோது அரிசி மூட்டையோடு வயோதிபத் தாயையும் சுமந்து போனது அது. 2009இல் வன்னியில் சனங்கள் கையில் எடுக்க முடியாமல் விட்டுவந்த பொருட்களிலும் சைக்கிள்கள் குவிந்து கிடந்தன.

ஆக, எங்களுக்குச் சைக்கிள் என்பது சுமை தூக்கும் ஒரு வாகனம். எங்கேயாவது போகவேண்டும், எதையாவது கொண்டுவர வேண்டும் என்றால்தான் அதில் ஏறுகிறோம். கரியரில் சுமை எதுவும் இல்லாமல், போய்ச் சேரவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லாமல், ஓடவேண்டும் என்பதற்காகவே ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அப்படி ஏறிய ஒரு பெண்ணைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன். அவர் பணக்கார வீட்டுப் பெண் அல்ல. தோட்டத்தில் கூலிக்கு மண் கிண்டியவர், 18 வயதில் தாயானவர், சிறுவயதில் பெரும் நோயால் பாதிக்கப்பட்டவர். இங்கிலாந்தைச் சேர்ந்த அவரது பெயர் பெரில் பேர்ட்டன்.

நோயிலிருந்து எழுந்த சிறுமி

பெரில் 1937 மே மாதம் 12ஆம் திகதி இங்கிலாந்தின் வடபகுதியில் யோர்க்ஷயரின் லீட்ஸ் நகரில் பிறந்தார். லீட்ஸ் அக்காலத்தில் தையல் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன இடம். பெண்கள் பெருந்தொகையாக அங்கே வேலை செய்தனர்.

11 வயதில் அவருக்கு வாதக் காய்ச்சல் வந்தது. ருமாட்டிக் காய்ச்சல் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். இந்நோய் மூட்டுக்களையும் இதயத்தையும் தாக்கும். சிலருக்கு நரம்புகளையும் பாதித்து, கைகால்கள் தாமாகவே உதறும் நிலையை உண்டாக்கும். பெரிலுக்கு அதுவும் வந்தது. சிலகாலம் அவரால் பேசவும் முடியவில்லை. ஒன்பது மாதங்கள் வைத்தியசாலையிலும், அதன்பின் 15 மாதங்கள் வீட்டிலிருந்து தொலைவிலுள்ள ஒரு சுகம்பெறும் நிலையத்திலும் கழித்தார். ஏறக்குறைய இரண்டு வருடங்கள் தாய் தகப்பனைப் பிரிந்து ஒரு சிறுமி கட்டிலில் கிடந்தாள் என்று எண்ணிப் பாருங்கள். முகாம்களிலும் வைத்தியசாலை விடுதிகளிலும் பிள்ளைகளோடு காலம் கழித்த தாய்மாருக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர்கள் எச்சரித்தே அனுப்பினார்கள். இதயம் பலவீனமாக இருக்கிறது, கடுமையான உடலுழைப்பு கூடாது என்றார்கள். கல்வியும் இடையில் தடைப்பட்டது. 15 வயதில் பாடசாலையை விட்டு விலகி, லீட்ஸ் நகரிலிருந்த தையல் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

சைக்கிள் கழகமும் திருமணமும்

வேலைத்தலத்தில் சார்ளி பேர்ட்டன் என்ற இளைஞரைச் சந்தித்தார். சார்ளி சைக்கிள் கழகமொன்றின் உறுப்பினர். அக்காலத்தில் இங்கிலாந்தின் தொழிலாளர் நகரங்களில் சைக்கிள் கழகங்கள் பல இருந்தன. கிழமை முழுவதும் தொழிற்சாலைப் புகைக்குள் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் கூட்டமாகச் சைக்கிளில் கிராமப்புறங்களுக்குப் போய் வருவார்கள். ஏழைத் தொழிலாளிக்குச் செலவில்லாத உல்லாசப் பயணம் அது. பெரிலும் மோர்லி சைக்கிள் கழகத்தில் சேர்ந்து அவர்களோடு ஓடத் தொடங்கினார்.

முதலில் அவர் பின்தங்கினார். மேடு ஏறும்போது மற்றவர்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. இரண்டாம் வருடம் அவர்களோடு சமமாக ஓடினார். மூன்றாம் வருடம் கூட்டத்துக்கு முன்னால் போனார். இதை மனைவியைப் பற்றிப் பின்னாளில் பெருமையோடு சொன்னவர் சார்ளியே.

இந்த மூன்று வருடக் கணக்கை நாம் கவனிக்க வேண்டும். 'அவளுக்கு அது பிறவியிலேயே வந்தது' என்று திறமையுள்ள பெண்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். பெரிலுக்குச் சிறுவயதில் வாய்த்தது நோய் தாங்கிய உடல். ஓட்டம் பழகிப் பழகி வந்தது.

1955இல் பெரிலும் சார்ளியும் திருமணம் செய்தனர். 1956 ஜனவரியில் மகள் டெனிஸ் பிறந்தாள். பொதுவாக எங்கும், எங்கள் ஊரில் மட்டுமல்ல அந்த ஊரிலும்தான், ஒரு பெண்ணின் விளையாட்டு இந்த இடத்தில் முடிந்துவிடும். பெரிலின் விளையாட்டு இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. 1957இல், குழந்தைக்கு ஒரு வயது கடந்த நிலையில், 100 மைல் தேசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்.

ரூபார்ப் தோட்டத்தில்

மோர்லிப் பகுதியில் நிம் கார்லைன் என்பவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அவரும் அதே கழகத்துச் சைக்கிள் ஓட்டவீரர். பெரில் பல வருடங்கள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்.

அங்கு விளைந்தது ரூபார்ப் என்ற பயிர். நாம் இங்கு காண்பதில்லை என்பதால் சற்று விளக்குகிறேன். சிவப்பு நிறத் தண்டும் பெரிய இலையும் உடையது. இலை நஞ்சு. தண்டு நல்ல புளிப்பு. சீனி சேர்த்துக் காய்ச்சி, மாவுக்குள் வைத்துச் சுட்டும் ஜாம் செய்தும் உண்பார்கள். வேக்ஃபீல்ட், மோர்லி, ரொத்வெல் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட நிலம் இப்பயிருக்குப் பெயர்பெற்றது. செடியை இரண்டு வருடங்கள் வெளியில் வளர்ப்பார்கள். குளிர்காலத்து உறைபனி பட்டபின் கிழங்கோடு கிண்டியெடுத்து, வெளிச்சமே புகாத, சூடேற்றிய கொட்டில்களுக்குள் அடுக்கி வைப்பார்கள். வெளிச்சத்தைத் தேடி அந்தத் தண்டுகள் இருட்டில் விரைவாக நீண்டு வளரும். பிடுங்கும்போதும் மெழுகுதிரி வெளிச்சம்தான்.

மண் ஒட்டிய கிழங்குக் கட்டி பாரமானது. உறைபனி விழுந்த நிலத்தில் அதைக் கிண்டித் தூக்கி ஏற்றுவது ஆண்களுக்கே முதுகு முறியும் வேலை. வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாட்கூலிக்குக் குனிந்து நிமிரும் சகோதரிகளுக்கு அந்தக் களைப்பு தெரியும். அந்தக் களைப்போடுதான் பெரில் மாலையில் சைக்கிளில் ஏறினார்.

இக்காலத்து விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்றுநர், வைத்தியர், உணவு ஆலோசகர், சம்பளம் எல்லாம் இருக்கின்றன. பெரில் கடைசிவரை பொழுதுபோக்கு ஓட்டக்காரர்தான். சைக்கிள் அவருக்குச் சோறு போடவில்லை. தோட்டக் கூலியே சோறு போட்டது. ஆனால் அந்தத் தோட்ட வேலையே அவரது உடலை உரமாக்கியது என்பதும் உண்மை.

பயிற்சி என்றால் என்ன?

அவர் அதிகம் ஓடியது நேர ஓட்டம் எனப்படும் போட்டிகளில். இதில் கூட்டமாக ஓடுவதில்லை. ஒரு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் தனியே ஓடி, குறித்த தூரத்தை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்று பார்ப்பார்கள். வீதியில் வாகனங்கள் கூடுமுன் ஓடி முடிக்கவேண்டும் என்பதால் பெரும்பாலும் அதிகாலையிலேயே போட்டி தொடங்கும். 25 மைல், 50 மைல், 100 மைல் என்று தூரங்கள் உண்டு. சில போட்டிகளில் தூரத்துக்குப் பதிலாக நேரம் குறிக்கப்படும். 12 மணித்தியாலத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று பார்ப்பார்கள்.

இப்படியான ஓட்டத்துக்குப் பயிற்சி என்பது நாளாந்த வேலை. வேலைக்குப் போய் வந்து ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போட்டி இல்லாவிட்டால் கழகத்தோடு நீண்ட தூரம் ஓடவேண்டும். மழை, குளிர், எதிர்க்காற்று என்று நாள் பார்த்தால் யோர்க்ஷயரில் வருடத்தின் பாதி நாள் வீட்டிலிருக்க வேண்டியதுதான். பெரில் நாள் பார்க்கவில்லை. ஆண்களோடு சேர்ந்தே ஓடினார். அவர்கள் தனக்காக வேகத்தைக் குறைப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

பயிற்சி உடலில் என்ன செய்கிறது என்பதையும் அறிந்து கொள்வோம். நாளாந்தம் அளவோடு உழைப்பைக் கூட்டும்போது, இதயம் ஒரு துடிப்பில் முன்னரைவிட அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. அதனால் ஓய்வில் இருக்கும்போது அது மெதுவாகத் துடித்தாலே போதும். தசைகள் பலமடைவது ஓடும் நேரத்தில் அல்ல. ஓடி முடிந்தபின் உண்டு உறங்கும் நேரத்தில். ஆகவே ஓய்வில்லாத உழைப்பு உடலைப் பலப்படுத்தாது, தேய்க்கும். நம்மில் பலருக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது வகை உழைப்புத்தான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பெற்ற வெற்றிகள்

1959இல் பெல்ஜியத்தில் நடந்த உலகப் போட்டியில், ஓடுதளத்தில் ஒருவரையொருவர் துரத்தும் பிரிவில் பெரில் முதலிடம் பெற்றார். அதே பிரிவில் 1960, 1962, 1963, 1966 ஆகிய வருடங்களிலும் உலக சம்பியனானார். வீதி ஓட்டத்தில் 1960இலும் 1967இலும் உலக சம்பியன் பட்டம் பெற்றார். மொத்தம் ஏழு உலகப் பட்டங்கள். 25 மைலை ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடிய முதற் பெண் அவர்தான். அது 1963இல். 1968இல் 100 மைலை நான்கு மணித்தியாலத்துக்குள் ஓடினார். பிரித்தானியாவில் மூன்று தூரங்களின் சராசரி வேகத்தைக் கூட்டிப் பார்த்து, அந்த வருடத்தின் சிறந்த ஓட்டவீராங்கனையைத் தெரிவு செய்வார்கள். 1959 தொடக்கம் 1983 வரை, 25 வருடங்கள் தொடர்ந்து அந்த இடத்தை அவர் எவருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிது 1967 செப்டெம்பரில் நடந்தது. யோர்க்ஷயரில் 12 மணித்தியால ஓட்டம். ஆண்கள் முதலில் புறப்பட்டனர். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் அனுப்பப்பட்டனர். மணித்தியாலங்கள் செல்லச் செல்லப் பெரில் ஆண்களை ஒவ்வொருவராகக் கடந்தார். இறுதியில் முன்னால் இருந்தவர் மைக் மக்நமாரா மட்டுமே. அவர் அன்று ஆண்களுக்கான புதிய தேசியச் சாதனையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவரையும் பெரில் எட்டிப் பிடித்தார். கடந்து போகும்போது சட்டைப்பையிலிருந்த ஒரு இனிப்பை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக் கொண்டார்.

அன்று மக்நமாரா ஓடிய தூரம் 276.52 மைல். பெரில் ஓடியது 277.25 மைல், அதாவது ஏறக்குறைய 446 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரத்தையும் தாண்டிவிட்டது. ஒரு பெண்ணின் சாதனை ஆண்களின் சாதனையைவிட மேலாக இரண்டு வருடங்கள் நின்றது. பெண்களுக்கான சாதனையாக அது 2017 வரை, 50 வருடங்கள் முறியடிக்கப்படவில்லை.

ஆயினும் ஒலிம்பிக்கில் அவர் ஒருமுறையும் ஓடவில்லை. பெண்களுக்கான சைக்கிளோட்டத்தை ஒலிம்பிக்கில் முதன்முதல் சேர்த்தது 1984இல். அப்போது பெரிலுக்கு 47 வயது. அவரிடம் திறமை இருந்தது. கதவைத் திறந்துவிடத்தான் ஆளிருக்கவில்லை.

வீட்டில் யார் என்ன செய்தது?

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் எனக்கு வெற்றிப் பட்டியலைவிட இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. தோட்டத்தில் வேலை செய்து, மாலையில் பயிற்சி செய்து, ஞாயிறு தோறும் போட்டிக்குப் போகும் ஒரு தாயின் வீடு எப்படி நடந்தது?

ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் வெளியிட்ட நூலில் 'இரண்டாவது வேலைமுறை' என்ற கருத்தை முன்வைத்தார். வெளியில் சம்பளத்துக்கு ஒரு முறை வேலை செய்துவிட்டு வீடு வரும் பெண்ணுக்கு, சமையல், துப்புரவு, பிள்ளை பராமரிப்பு என்று சம்பளமில்லாத இரண்டாவது முறை காத்திருக்கிறது என்பது அதன் சாரம். பெரில் வாழ்ந்தது அதற்கு முந்திய காலம். அந்த வீட்டிலும் இரண்டாவது முறை இருந்தது. ஆனால் அதில் சார்ளி பங்கெடுத்தார்.

சார்ளியும் ஓட்டக்காரர்தான். ஆனால் மனைவியின் திறமை தன்னுடையதைவிடப் பெரியது என்று கண்டதும் அவர் பின்னால் நின்றார். சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவது, போட்டிக்குக் கொண்டுபோவது, வீதியோரம் நின்று தண்ணீரும் உணவும் கொடுப்பது, பிள்ளையைப் பார்ப்பது எல்லாம் அவர் கையில் இருந்தன. 'பெண்சாதிக்குப் பின்னால் திரிகிறான்' என்று எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்வார்கள். சார்ளி அதையிட்டுக் குறைபட்டதாகத் தெரியவில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்குப் பக்கத்தில் நிற்க ஒரு சார்ளி இல்லை என்பது எனக்குத் தெரியும். கணவனைப் போரில் இழந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமல் போனவருக்காக இன்றும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கணவன் இருந்தும் உதவாத வீடுகளும் உண்டு. ஆனால் சார்ளி என்பது ஒரு ஆள் மட்டுமல்ல, சில வேலைகளின் தொகுப்பு என்று பார்த்தால் வழி தெரியும். ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டு அக்கா இருக்கலாம். ரியூப்புக்கு ஒட்டுப் போடவும் செயின் பூட்டவும் வளர்ந்த மகனுக்கும் மகளுக்கும் பழக்கலாம். அம்மம்மா இருந்தால் அடுப்பைப் பார்ப்பா. மாதர் சங்கத்தில் நான்கு பேர் முறைவைத்து ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பார்க்கலாம். பெரிலுக்கும் சார்ளி மட்டும் போதவில்லை. கழகம் இருந்தது, தோட்டக்காரர் இருந்தார். தனியொரு பெண்ணாக அவர் உயரவில்லை.

தாயும் மகளும்

இந்தக் கதையில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் பெரிலைச் சுவாமிப் படமாக மாட்டி வைத்ததாகிவிடும்.

சைக்கிளோடு வளர்ந்த டெனிஸும் சிறந்த ஓட்டவீராங்கனையானாள். 1972இல் தாயும் மகளும் ஒரே வருடத்தில் பிரித்தானியக் குழுவுக்காக உலகப் போட்டிக்குத் தெரிவாயினர். 1975இல் டெனிஸ் உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றாள். 1976இல் தேசிய வீதி ஓட்டப் போட்டியில் இருவரும் கடைசிவரை சேர்ந்தே ஓடினர். எல்லைக் கோட்டில் மகள் தாயை முந்தினாள். பரிசு மேடையில் பெரில் மகளுக்குக் கைகொடுக்க மறுத்துவிட்டார்.

எல்லோரும் பார்த்திருக்க நடந்த சம்பவம் அது. கூட ஓடியபோது மகள் தன் பங்குக்கு உழைக்கவில்லை, முன்னால் போய்க் காற்றை வெட்டியது தான்தான் என்ற மனத்தாங்கல் பெரிலுக்கு இருந்தது. 1986இல் வெளிவந்த தன் வரலாற்று நூலிலும் அவர் இந்தச் சம்பவத்தை மறைக்கவில்லை.

இது போட்டிக்காரருக்கு மட்டும் உரிய குணமா? கள வேலைக்குப் போகும் வீடுகளில் இதே மனத்தாங்கலை வேறு உருவத்தில் கேட்கிறேன். 'நான் இவ்வளவு பாடுபட்டு வளர்த்தேன், இவள் இலேசாக முன்னுக்கு வந்துவிட்டாள், என் பாடு இவளுக்கு விளங்கவில்லை' என்று தாய் சொல்கிறாள். 'அம்மாவுக்கு நான் செய்வது எதுவும் போதாது' என்று மகள் சொல்கிறாள். கடுமையாக உழைத்துத் தப்பிய தலைமுறைக்கு, அடுத்த தலைமுறை அதே கடுமை இல்லாமல் மேலே வருவது மகிழ்ச்சியையும் தரும், குத்தவும் செய்யும். காற்றை வெட்டி வழிவிடுவது தாயின் வேலை என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். வழிவிடும்போது அவளுக்கும் நோகும் என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

தாயும் மகளும் அதோடு பிரிந்துவிடவில்லை. 1982இல் இருவரும் இருவர் ஓட்டும் சைக்கிளில் ஏறி, 10 மைலை 21 நிமிடம் 25 செக்கனில் ஓடித் தேசியச் சாதனை செய்தார்கள். அந்தச் சைக்கிளில் இருவரது பெடலும் ஒரே செயினில் சுற்றுகின்றன. ஒருவர் மிதிக்காமல் விட்டால் மற்றவர் காலுக்கு உடனே தெரியும்.

உடல் கேட்ட விலை

வயது போனபின்னும் பெரில் ஓட்டத்தை நிறுத்தவில்லை. 1996 மே 5ஆம் திகதி, தனது 59ஆவது பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் கொடுப்பதற்காகச் சைக்கிளில் புறப்பட்டார். வழியில் இதயம் நின்று இறந்தார். பிறந்தநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. மோர்லியில் இன்று அவர் பெயரில் ஒரு பூங்காவும், சுவரில் பெரிய ஓவியமும் இருக்கின்றன.

'வைத்தியர் சொன்னதைக் கேட்காமல் வென்றார்' என்று இக்கதையைச் சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வாதக் காய்ச்சல் எங்கள் நாட்டிலும் உள்ளது. 5 முதல் 15 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தொண்டை நோவு வந்து, இரண்டு மூன்று கிழமைகளில் காய்ச்சலோடு மூட்டுக்கள் மாறி மாறி வீங்கி நொந்தால் அல்லது கைகால்கள் காரணமின்றி உதறினால், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நோய் திரும்ப வராமல் தடுக்க மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுவார்கள். பிள்ளை சுகமாகிவிட்டது என்று அதை இடையில் நிறுத்தக்கூடாது. பெரிலின் சிறுவயதில் இந்த ஏற்பாடு இல்லை. இன்று இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே கிடைக்கிறது.

அதேபோல், உடலில் எறிகணைத் துண்டோடு வாழ்பவர்கள், கால் மூட்டில் அடிபட்டவர்கள், நெஞ்சு நோவு உள்ளவர்கள் பயிற்சி தொடங்குமுன் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டுக் கொள்ளுங்கள். கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

நாம் தொடங்குவதென்றால்

நாம் உலகப் போட்டிக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் நாளுக்கு அரை மணித்தியாலம் சைக்கிள் ஓடுவது நீரிழிவுக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் நல்லது. நித்திரை குறைந்தவர்களுக்கு நித்திரை வரவும் உதவும். மனதில் ஒரே நினைவு சுற்றிச் சுற்றி வரும் நாட்களில், மூச்சு வாங்க மிதித்துவிட்டு வந்தால் சற்று ஆறுதலாக இருப்பதாகச் சகோதரிகள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். எங்கள் வீடுகளில் ஒரே சைக்கிளை மூன்று பேர் ஓடுவதால் அது எவருக்கும் சரியாக இருப்பதில்லை. சீற்றில் இருந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அப்படியானால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடியும். சீற் மிகவும் பதிந்திருந்தால் முழங்கால் நோகும். 'வயசு போச்சு, முழங்கால் நோகுது' என்று சைக்கிளை விட்டவர்களில் சிலருக்குக் காரணம் வயது அல்ல, சீற்தான்.

ரயரில் காற்று குறைந்தால் அதே தூரத்துக்கு இரட்டிப்பு உழைப்புப் போல் இருக்கும். கிழமைக்கு ஒருமுறை காற்றடித்து, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் இரண்டும் பிடிக்கிறதா என்று பாருங்கள். சேலைத் தலைப்பும் சால்வையும் சில்லுக்குள் போகாமல் செருகிக் கொள்ளுங்கள். இருட்டில் ஓடுவதானால் முன்னால் லைற்றும் பின்னால் சிவப்பும் வேண்டும். தனி வீதியில் தனியே போகப் பயமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். பயம் நியாயமானது, அதற்காக வீட்டிலிருக்க வேண்டியதில்லை.

முதற்கிழமை பத்து நிமிடம் போதும். பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகமாக இருக்கட்டும். அடுத்த கிழமை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கிழமையில் ஒருநாள் கட்டாயம் ஓய்வு. ஓய்வு என்றால் அந்த நேரத்துக்கு உடுப்புத் தோய்ப்பது அல்ல, உட்கார்ந்திருப்பது.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைப் பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சைக்கிள் யாருடையது? கிழமையில் எந்த நேரம் அது அம்மாவுக்கு? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், ஒரு நேரத்தைக் குறித்து, வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கரியர் வெறுமையாகவே இருக்கட்டும்.